ஒலிபெருக்கி வந்த வரலாறும் நம் மேடைக்கு ஏற்ற கருவியும்

சென்னையிலிருந்து ஊத்துக்கோட்டை வழியாகத் திருப்பதி செல்லும் நெடுஞ்சாலையில் நாகலாபுரம் என்றோர் ஊர் உண்டு. முன்னர்ச் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022ஆம் ஆண்டு முதல் திருப்பதி மாவட்டத்தைச் சார்ந்துள்ள அவ்வூரையும், அதனை அடுத்த பிச்சாட்டூர், நாராயணவனம், புத்தூர் முதலிய ஊர்களையும் பூர்விகமாகக் கொண்ட குடும்பங்கள் நம் காலனியில் பல உள. இதனை எழுதும் நாமும் அப்பக்கத்தவரே. அங்குள்ள வேதநாராயணப் பெருமாள் திருக்கோயில் விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் காலத்துத் திருப்பணி. அவர்தம் அன்னையார் நாகலாதேவியின் பெயரே ஊருக்குப் பெயராயிற்று என்பர். ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்தில் மூன்று நாள்கள், மாலைக் கதிரவனின் ஒளி வாயில்களைக் கடந்து கருவறைக்குள் புகுந்து, முதல் நாள் பெருமாளின் திருவடியிலும், மறுநாள் திருமேனியின் நடுவிலும், மூன்றாம் நாள் திருமுடியிலும் படிகின்றது. சூரிய பூசை என்று அதனைக் கொண்டாடுகின்றனர்.

ஒளி விழவேண்டிய இடத்தை இவ்வாறு கணக்கிட்ட நம் முன்னோர், ஒலிக்கும் இடம் வகுத்திருந்தனர். நாகசுரமும் தவிலும் வீதிக்கு உரியவை. கல் மண்டபத்தினுள் தவில் முழங்கினால் அடி ஒன்று எதிரொலி மூன்றாகும். நாற்பெரும் வீதியிலோ அதே முழக்கம் ஊர்கோடி வரை தெளிவாகச் செல்லும். மறையோதலும் பாராயணமும் மண்டபத்திற்கு உரியவை. கூத்து, ஊர்ப்புறத்துத் திறந்த களத்திற்கு உரியது. எந்தக் கலையை எவ்விடத்தில் நிகழ்த்துவது என்பதை மனிதக் குரலும் கருவியின் வலிமையும் இடத்தின் இயல்புமே முடிவு செய்தன. ஒலிபெருக்கி வந்தபின் அக்கட்டு அவிழ்ந்தது. எதனையும் எங்கும் எத்துணை பேருக்கும் நிகழ்த்தலாம் என்னும் துணிவு பிறந்தது. அத்துணிவினால் நாம் பெற்றது பெரிது, இழந்ததும் சிறிதன்று.

இவ்வாராய்ச்சி இப்போது எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். நம் சங்கத்திற்குச் சொந்தமாக ஒலிபெருக்கிக் கருவிகள் வாங்குவதென்று சென்ற பொதுக்குழுவில் பேச்செழுந்ததை யாவரும் அறிவீர்கள். எத்தனை வாட் என்பதிலேயே வாதம் முழுவதும் கழிந்தது. ஐந்நூறு போதும் என்பார் ஒருவர். இரண்டாயிரம் இல்லையேல் மானம் போகும் என்பார் மற்றொருவர். சங்கத்தின் கையிருப்போ இல்லந்தோறும் மாதச் சந்தாவாகச் சேர்ந்த பணம். ஒருமுறை தவறாக வாங்கினால் மறுமுறை வாங்கப் பல ஆண்டுகள் செல்லும். ஆதலின் இக்கருவி எவ்வாறு வந்தது, எங்கே உதவிற்று, எங்கே கைவிட்டது என்னும் வரலாற்றை அறிந்தபின் முடிவு செய்தல் நலம் என்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

மேடைக்கு அளவு வகுத்தல் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, இருபத்துநான்கு விரல் கொண்ட மூங்கிற்கோலால் அளந்து, எட்டுக்கோல் நீளமும் ஏழுகோல் அகலமும் ஒருகோல் உயரமுமாக அரங்கம் அமைத்த செய்தியைக் கூறுகின்றது. நிலம் தேர்தலும் அங்கே சொல்லப்படுகிறது. பாடுவோன், குழலோன், யாழோன், தண்ணுமையோன் ஆகியோர்க்குரிய தகுதிகளும் தனித்தனியே கூறப்பெறுகின்றன. கலைஞர், கருவி, இடம் ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்து எண்ணிய மரபு அது.

ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் குரலே மூலதனம். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகக் கொட்டகைகளில் பின்வரிசைத் தரை டிக்கெட்டுக்காரனுக்கும் பாட்டு விளங்கவேண்டும்; இல்லையேல் அவனே முதலில் கூச்சலிடுவான். எஸ். ஜி. கிட்டப்பா உச்ச ஸ்தாயியில் பாடிப் பெற்ற புகழுக்கு அவர்தம் இசைஞானம் மட்டுமன்றி, கொட்டகையை நிறைத்த குரல் வலிமையும் காரணமாகும். 1933ஆம் ஆண்டில் அவர் இருபத்தேழே வயதில் மறைந்தார். கே. பி. சுந்தராம்பாளின் குரலைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ! கூத்துக் கலைஞர் விடியும் வரை பாடியாடினர். அத்தகைய தொண்டை வாய்க்காதவர், ஞானம் எத்துணை இருந்தாலும் மேடைக்கு வர இயலாமற் போயினர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

கருவியாளர்கள் வேறு வழி கண்டனர். மைசூர்ச் சீமையில் பிறந்த வயலின் மேதை டி. சௌடையா, பெருங்கூட்டங்களில் தம் வாத்தியம் பின்வரிசைக்கு எட்டாமை கண்டு, நான்கு தந்தி வயலினை ஏழு தந்தி வயலினாக்கினார். மேலும் மூன்று தந்திகளைச் சேர்த்து நாதத்திற்குக் கனம் கூட்டினார். மின்சாரம் துணைவராத காலத்தில் ஒரு கலைஞர் தாமே கண்ட ஒலிபெருக்கி என்று அதனைக் கூறலாம். பெங்களூரில் வயலின் வடிவிலேயே ஓர் அரங்கம் அவர் நினைவாக எழுந்துள்ளது.

இனி, மின்சார ஒலிபெருக்கியின் பிறப்பைக் காண்போம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டென்மார்க்கு நாட்டினரான பீட்டர் ஜென்சன் என்பாரும் எட்வின் பிரிதாம் என்பாரும் கூடித் தொலைபேசியைச் செம்மைப்படுத்த முயன்று கொண்டிருந்தனர். காந்தத்தினிடையே அசையும் கம்பிச் சுருளோடு கிராமபோன் குழாயைப் பொருத்தியபோது எதிர்பாராத பேரொலி எழுந்தது. 1915ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் முன்னாள் மாலை, சான்பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் கூடிய பெருந்திரளுக்கு அக்கருவியால் இசையும் பேச்சும் கேட்பித்தனர். 1919இல் குடியரசுத் தலைவர் வில்சன் சான்டியாகோ நகரில் ஏறக்குறைய 50,000 பேருக்கு இக்கருவி கொண்டு உரையாற்றினார். 1925இல் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் காகிதக் கூம்பு கொண்ட ஒலிபெருக்கியைச் செம்மை செய்தனர். இன்று பெட்டிக்குள் இருப்பது அதன் வழித்தோன்றலே. ஆக, குழாய், பெட்டி என்னும் இரு குலங்களும் 1925க்குள் தோன்றிவிட்டன. பின்னர் வந்தவை பெரும்பாலும் இவற்றின் திருத்தங்களே.

இனி நம் நாட்டுச் செய்திக்கு வருவோம். 1924இல் சென்னை மாகாண ரேடியோ கிளப்பு ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பின்னர் நகராட்சி அப்பணியை ஏற்று, கடற்கரை முதலிய பொதுவிடங்களில் ஒலிபெருக்கி அமைத்து மாலைதோறும் சங்கீதம் கேட்பித்தது. காற்று வாங்க வந்தவர் கச்சேரியும் கேட்டனர். சபைக்குள் நுழையக் காசோ வழியோ இல்லாதார்க்கும் உயர்ந்த இசை செவியில் விழுந்தது அன்றோ! இவ்வொன்றின் பொருட்டே ஒலிபெருக்கிக்கு நாம் கைகூப்பலாம். 1938ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தோன்றியது.

அரசியல் மேடைக்கு இக்கருவியைக் கொணர்ந்த பெருமை சிந்து நாட்டினரான மோட்வானே குடும்பத்தாரைச் சாரும். காந்தியடிகள் பேச எழுந்தால் முன்னிருப்போர் சிலரே கேட்பர். ஏனையோர் தரிசனத்தோடு திரும்புவர். 1931இல் கராச்சியில் சர்தார் வல்லபாய் படேல் தலைமையில் கூடிய காங்கிரசு மாநாட்டில் மோட்வானே நிறுவனத்தார் ஒலிபெருக்கி அமைத்தனர். தலைவர்கள் பேசும் பழைய புகைப்படங்களில் ஒலிவாங்கியின் மேல் 'சிகாகோ ரேடியோ' என்னும் எழுத்துக்கள் தெரியும். அஃது அவர்தம் நிறுவனத்தின் பெயரேயன்றி அமெரிக்க நகரத்துச் சரக்கு என்பதன்று. 1940இல் தொடங்கப்பெற்ற டில்லி அகுஜா நிறுவனத்தின் பெயரோ, பின்னர்த் தமிழகத்துச் சிற்றூர்தோறும் மைக் செட்டுக்கு மறுபெயர் என்னுமளவிற்குப் பரவிற்று.

சங்கீதத்தில் ஒலிவாங்கி செய்த மாற்றம் நுட்பமானது. அதற்கு முன் ஆண்களும் உயர்ந்த சுருதியில் பாடினர். நான்கு கட்டையில் பாடுதல் வியப்பன்று. ஒலிவாங்கி வந்தபின் சுருதி படிப்படியாகத் தாழ்ந்தது. இன்று ஒன்று, ஒன்றரைக் கட்டையிற் பாடும் ஆண் வித்துவான்களே மிகுதி. மென்மையான குரலுக்கும், மந்தர ஸ்தாயியின் நுண்ணிய கமகத்திற்கும் மேடையில் இடம் கிடைத்தது. வீணை பெரிய அவையில் கேட்கும் வாத்தியமாயிற்று. நாகசுரச் சக்கரவர்த்தி டி. என். ராஜரத்தினம் பிள்ளை, சுருதி மிகுந்த திமிரி நாகசுரத்தை விடுத்து நீண்ட பாரி நாகசுரத்தைக் கைக்கொண்டு ராக ஆலாபனைக்குப் புதிய ஆழம் தந்தார்; வீதியைவிட மேடைக்கும் வானொலிக்கும் ஏற்ற நாதம் அது. தொண்டையைச் சாதகத்தால் வளர்க்கும் வழக்கம் இதனால் குன்றிற்று என்று வருந்துவாரும் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. எனினும், குரல் வலிமை இல்லாமையால் மட்டுமே மறைந்து போயிருக்கக்கூடிய பாட்டுக்களைக் கருதும்போது, நாம் ஒலிவாங்கியின் பக்கமே நிற்போம்.

1950, 1960ஆம் ஆண்டுகளில் மைக் செட்காரர் ஊரின் முக்கியப் புள்ளியானார். மின்சாரம் எட்டாத ஊர்களில் கார் பேட்டரியால் வால்வு ஆம்ப்ளிஃபையரை இயக்கினார். பனை மரத்திலும் கோயில் கோபுரத்தருகிலும் குழாயைக் கட்டி, விடியற்காலையில் இசைத்தட்டு வைத்தால் ஊருக்குத் திருவிழா வந்துவிட்டதென்று பொருள். சித்தூர் மாவட்டத்துத் தர்மராஜர் கோயில்களில் பதினெட்டு நாள் பாரத விழா நடைபெறும். பகலில் அரிகதையும் இரவில் தெருக்கூத்தும் நிகழும். திரௌபதி கதையை வயலில் வேலை செய்வோரும் கேட்டது குழாயினால்தான்.

குழாய் ஏன் அத்துணை தூரம் சென்றது? இதில் ஒரு கணக்கு உண்டு. ஒரே அளவு மின்சாரம் கொடுத்தால், குழாய் எழுப்பும் ஒலி சாதாரணப் பெட்டியினும் பன்மடங்கு மிகுதி. ஒலியைச் சிதறவிடாமல் ஒரு திசையிற் செலுத்துவதும் அதன் இயல்பு. ஆதலின் முப்பது வாட் ஆம்ப்ளிஃபையரே ஊருக்குப் போதியதாயிற்று. ஆயின் குழாய் நடுத்தர ஒலிகளையே நன்கு தரும். சொல் விளங்கும், மிருதங்கத்தின் தொப்பி ஒலி காணாமற்போகும், பெண் குரல் தகரத்தில் கீறியது போலாகும். பேச்சுக்குக் குழாய், பாட்டுக்குப் பெட்டி என்னும் வேறுபாட்டை அக்காலத்து மைக் செட்காரர் பலர் படிப்பின்றியே அறிந்திருந்தனர்.

குழாயின் மிகையே அதற்குப் பகையாயிற்று. மத்திய அரசு 2000ஆம் ஆண்டில் வகுத்த ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கியைத் தடுத்தன. விழா நாள்களில், ஆண்டிற்கு 15 நாள்களுக்கு மிகாமல், நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு இசைவளிக்கலாம் என்பது பின்னர்ச் சேர்ந்த தளர்வு. 2005இல் உச்ச நீதிமன்றமும் இதனை ஏற்றது. நோயாளிகளும் மாணவர்களும் பட்ட துன்பத்தை நோக்கின் இவ்விதி வேண்டியதே. ஆனால் விடியும்வரை ஆடிய கூத்து, ஒலிபெருக்கியை நம்பித் தொண்டை வலிமையைத் தளரவிட்டபின், பத்து மணிக்குமேல் அக்கருவியும் இல்லாமல் நிற்கவேண்டியதாயிற்று. இதனையே முன்னர் இழப்பு என்றோம்.

மெல்லிசைக் குழுக்களின் வரலாறு தனி நூலாகத் தக்கது. பொதுவுடைமைக் கட்சி மேடைகளிற் பாடித் தமிழகமெங்கும் சென்ற பாவலர் வரதராசன் குழுவில் அவர்தம் தம்பியர் பயின்றனர். அவருள் ஒருவரே இளையராஜா. அக்காலத்து மேடைகளில் ஒலிவாங்கிகள் மிகச் சிலவே. பாடுவோர் அதனை நெருங்கியும், கருவியாளர் விலகியும் நின்று, தாங்களே ஒலியைச் சமன் செய்துகொண்டனர். இன்று கலைஞர் பதின்மர்க்குப் பதினைந்து ஒலிவாங்கிகள் வைத்துச் சமன் செய்யும் பொறுப்பை மிக்சரின்முன் அமர்ந்த ஒருவரிடம் விட்டுவிடுகிறோம். அவர் இசை அறிந்தவராயின் நன்று. இல்லையேல் கச்சேரி அவர் விரலில் சிக்கித் தவிக்கும்.

வாட் எண்ணிக்கையைக் கண்டு மயங்கலாகாது என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1965ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் நியூயார்க்கின் ஷியா விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் குழுவினர் 55,000க்கும் மேற்பட்டோர் முன் பாடினர். கருவிகளுக்கென 100 வாட் பெட்டிகள் இருந்தன. குரலோ, பந்தாட்ட அறிவிப்புக்காக அரங்கில் அமைத்திருந்த ஒலிபெருக்கிகளின் வழியே சென்றது. கூட்டத்தின் கூச்சலில் பாட்டு மூழ்கிற்று. பாடியவர்க்கே தம் குரல் கேட்கவில்லை. நான்கே ஆண்டுகளில், 1969இல், உட்ஸ்டாக்கில் அதனினும் பன்மடங்கு பெருங்கூட்டத்திற்குப் பில் ஹான்லி என்பார் உயர்ந்த சாரங்களில் ஒலிபெருக்கிகளை ஏற்றி, அந்நிகழ்ச்சிக்கென்றே திட்டமிட்டு அமைத்தார், பாட்டு கேட்டது. ஒன்றில், அரங்கிற் கிடந்ததைக் கொண்டு ஒப்பேற்றினர். மற்றொன்றில், கேட்போர் எங்கே இருப்பர் என்று எண்ணியபின் அமைத்தனர்.

கணக்கும் இதனையே கூறுகின்றது. திறந்தவெளியில் தூரம் இருமடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். வாட்டை இருமடங்காக்கினாலோ 3 டெசிபலே கூடும். ஒலி இருமடங்காகிற்று என்று செவி உணர வேண்டுமாயின் வாட் ஏறக்குறையப் பத்து மடங்கு வேண்டும். ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் விலையில் உள்ள வேறுபாடு செவியில் இல்லை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சிடும் வாட், கணநேர உச்ச அளவாக இருத்தல் வழக்கம். தொடர்ந்து தாங்கும் அளவு சிறிய எழுத்தில் இருக்கும். வாங்குவோர் அச்சிறிய எழுத்தையே பார்த்தல் வேண்டும்.

ரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இதனை விளக்கப் பிளாட்பாரமே போதும். நீண்ட பிளாட்பாரத்தின் ஒரு முனையில் பெரிய ஒலிபெருக்கி ஒன்றை வைத்தால் அருகிருப்போர் செவி கிழியும். மறுமுனையில் வண்டி எண்ணும் விளங்காது. ஆதலின் சிறியவற்றைப் பலவாகப் பிரித்து வரிசையாகத் தொங்கவிடுகின்றனர். நெடுந்தொலைவுக்குக் கம்பி இழுத்தாலும் வலிமை குன்றாதிருக்க, மின்னழுத்தத்தை உயர்த்தி அனுப்பி, ஒவ்வோர் ஒலிபெருக்கியிலும் சிறு டிரான்ஸ்பார்மரால் இறக்கிக் கொள்ளும் முறையும் உண்டு. கல் மண்டபங்களுக்கும் இஃதே மருந்து. 1950களின் தொடக்கத்தில் லண்டன் புனித பவுல் பேராலயத்தில் எதிரொலியினால் பிரசங்கம் விளங்காமற் போனமையின், ஒலியை மேலே கூரைக்கு அனுப்பாமல் மக்களை நோக்கியே செலுத்தும் நெடிய தூண் போன்ற ஒலிபெருக்கிகளை நிறுவினர். ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டரே செல்லுமாதலால், பின்னிருக்கும் ஒலிபெருக்கிகளுக்குச் சிறிது காலந்தாழ்த்தி அனுப்பும் ஏற்பாடும் செய்தனர். நாகலாபுரத்தைப் போன்ற கல் மண்டபங்களில் சொற்பொழிவுக்கு ஒலிபெருக்கி வைப்போர் பின்பற்றத்தக்க முறை இது.

நம் காலனி மண்டபத்தின் நிலை என்ன? மேலே தகரக் கூரை, மூன்று புறமும் பூசிய சுவர், தரையோ சிமெண்டு. சென்ற ஆண்டு விழாவிற்கு வாடகைக்கு வந்த ஒருவர் மேடையின் இருமருங்கும் ஆளுயரப் பெட்டிகளை அடுக்கினார். முன்வரிசைக் குழந்தைகள் செவிகளைப் பொத்திக்கொண்டனர். பின்வரிசைக் கிழவியர்க்கோ இரைச்சல் எட்டியது, சொல் எட்டவில்லை. நம் சிறுமியர் எண்மர் ஆறு மாதம் பயின்று வில்லுப்பாட்டு நிகழ்த்தினர். அவருட் பலர் தமிழ் எழுத்தைப் பள்ளியில் அன்றி நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பிலேயே கற்றவர். அவர்தம் நாவிலிருந்து வந்த தமிழை அவர்தம் பாட்டிமாரே கேட்க இயலவில்லை என்றால், அவ்விழாவிற்கு நாம் செய்த செலவு எதன்பொருட்டு?

தமிழ் இலக்கணம் உயிர், மெய் என்று எழுத்துக்களைப் பிரித்தது. ஒலியியலும் ஏறக்குறைய அவ்வாறே பிரிக்கிறது. பேச்சின் வலிமை பெரும்பாலும் உயிரொலிகளில் உள்ளது. சொல்லைச் சொல்லினின்றும் வேறுபடுத்தும் தெளிவோ மெய்யொலிகளில் உள்ளது. மெய்யொலிகள் மெலிந்தவை, எதிரொலியும் கீழ்க்குரல் இரைச்சலும் அவற்றை எளிதில் மூடிவிடும். எக்கோ என்னும் திருகை மிகுதியாகத் திருப்பினால் 'படம்', 'பழம்', 'பணம்' யாவும் ஒன்றே. பாடுவோர் எக்கோவை விரும்புகின்றனர். அது குரலின் குறையை மறைக்கும். எனினும் வில்லுப்பாட்டு, பட்டிமன்றம், நாடகம் ஆகியவற்றிற்கு அத்திருகை முழுவதும் மூடிவிடுமாறு எழுதிவைத்தால் சாலும்.

ஒலிவாங்கி கூவுதலைப் பற்றியும் கூறவேண்டும். பெட்டியினின்றும் வந்த ஒலி மீண்டும் ஒலிவாங்கியிற் புகுந்து, பெருகி, மறுபடியும் பெட்டிவழி வந்து சுழல்வதே அக்கூவல். இதற்குப் பெரிய ஆம்ப்ளிஃபையர் பரிகாரமன்று. அது கூவலையும் பெருக்கும். பெட்டிகள் ஒலிவாங்கிக்கு முன்னால், மக்களை நோக்கி நிற்றல் வேண்டும். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள இடைவெளியைப் பாதியாக்கினால் 6 டெசிபல் செலவின்றிக் கிடைக்கும். வாட்டில் அதனைப் பெற நான்கு மடங்கு வேண்டும் என்பதை நினைவிற் கொள்க. திறந்திருக்கும் ஒலிவாங்கிகளின் எண்ணிக்கை இருமடங்காகுந்தோறும் கூவாமல் எட்டக்கூடிய அளவு 3 டெசிபல் குறையும். ஆகவே பயன்படாதவற்றை மூடிவைத்தல் அவசியம். கூத்து மேடையில் நடுவே மேலிருந்து ஒலிவாங்கியைத் தொங்கவிடும் வழக்கம் ஆடுவோர்க்கு வசதியாயினும், வாய்க்குத் தொலைவாதலால் மண்டபத்திற்கு ஏற்றதன்று.

இனி வாங்குதல். ஒலிவாங்கியில் சிக்கனம் கூடாது. 1966இல் வெளிவந்த ஷூர் நிறுவனத்தின் எஸ்.எம். 58 இன்றும் உலக மேடைகளில் வழங்குகின்றது. மின்சாரம் வேண்டாமை, முன்புற ஒலியையே பெரிதும் ஏற்றல், கீழே விழுந்தாலும் உழைத்தல் என்பன அதன் சிறப்பு. அப்புகழாலேயே அதற்குப் போலிகளும் மலிந்துள்ளன. பாதி விலைக்கு ஒருவர் தருகின்றார் என்றால் அது போலி என்றே கொள்ளலாம். அதே இயல்புடைய நம் நாட்டு ஒலிவாங்கிகளும் உண்டு. அவற்றிற்கு உதிரிப்பாகமும் பழுதுபார்ப்போரும் அருகிலேயே கிடைத்தல் பெருநன்மை. கம்பியில்லா ஒலிவாங்கி இரண்டு போதும். அதன் பேட்டரி எப்போதும் தலைமையுரையின் நடுவிலேயே தீரும் என்பது நம் அனுபவம்.

ஆம்ப்ளிஃபையரையும் ஒலிபெருக்கியையும் பொருந்தத் தேர்தல் வேண்டும். சிறிய ஆம்ப்ளிஃபையர்க்குப் பெரிய பெட்டி பாதுகாப்பு என்று எண்ணுவர். சிறிய கருவியை எல்லை மீறி முடுக்கும்போது எழும் சிதைந்த ஒலியே பெட்டியின் மேல்ஒலிச் சுருளை எரிப்பது உண்டு. இரண்டையும் ஒரே பெட்டியில் பொருத்தி வரும் கருவிகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. பொருத்தும் தவறுக்கு அவற்றில் இடமில்லை. ஆதலின் சங்கம் போன்ற அமைப்புக்கு அவையே தகும். மேடையருகே பெரியன இரண்டிற்குப் பதிலாக, நடுத்தரமானவை இரண்டும், மண்டபத்தின் பாதியில் சிறியவை இரண்டும் வாங்கினால் பின்வரிசைக்குச் சொல் எட்டும். பாடுவோர் தம் குரலைக் கேட்டுக்கொள்ள மேடையில் சிறிய பெட்டி ஒன்று வேண்டும். அதனை ஒலிவாங்கியின் முதுகுப்புறம் வைத்தல் முறை.

கம்பிகளைப் பற்றி எவரும் பேசுவதில்லை. ஆயினும் விழா நடுவே நின்றுபோவது பெரும்பாலும் கம்பியினாலும் பிளக்கினாலுமேயன்றி ஆம்ப்ளிஃபையரினால் அன்று. மூன்று முனை கொண்ட சமன்செய்த கம்பிகளே நெடுந்தூரத்தில் மின்விளக்கின் இரைச்சலை ஏற்காதவை. நில இணைப்பு இல்லாத பிளக்கில் ஒலிபெருக்கியைச் செருகுதல் உயிருக்கே இடர்; சிறுமியர் கையிற் பிடிக்கும் உலோகக் கருவி அது என்பதை மறவற்க.

எல்லாக் கலைக்கும் ஒரே ஏற்பாடு போதாது. நாகசுரம், தவிலுக்கு நம் மண்டபத்தில் ஒலிவாங்கியே வேண்டா. வைப்பது அவ்வித்துவான்களுக்கும் நம் செவிக்கும் செய்யும் கொடுமை. வீணைக்கு அருகே வைத்த ஒலிவாங்கி இன்றியமையாதது. பரதத்திற்கு நட்டுவாங்கத் தாளமும் பாட்டும் ஆடுவோர் செவிக்கு முதலில் எட்டவேண்டும். மெல்லிசைக் குழு வரும் ஆண்டில் மட்டும் பெரிய பெட்டிகளையும் தாழ்ந்த ஒலிக்கான பெட்டியையும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆண்டில் ஒரு நாளைக்காக அவற்றை வாங்கி மீதி நாள்கள் எலிக்கு இரையாக்குவானேன்?

விலைப்பட்டியல் பெறுமுன், விற்போர் இருவரை அழைத்து நம் மண்டபத்திலேயே கருவியை இயக்கிக் காட்டச் சொல்லுதல் வேண்டும். சினிமாப் பாட்டை ஒலிக்கவிட்டால் எல்லாப் பெட்டியும் நன்றாகவே ஒலிக்கும். சிறுமி ஒருத்தியை மேடையில் நிறுத்திப் பழக்கமில்லாத ஊர்ப்பெயர்கள் இருபதைப் படிக்கச் சொல்லி, பின்வரிசையில் அமர்ந்தவர் காதில் விழுந்ததைத் தாளில் எழுதட்டும். இரண்டு தாளையும் ஒப்பிட்டால் கருவியின் தரம் தெரிந்துவிடும். வெற்று மண்டபத்தில் எதிரொலி மிகும், ஆட்கள் நிறைந்தால் குறையும் என்பதால், இச்சோதனையை ஞாயிறு வகுப்பு முடிந்து பெற்றோர் கூடியிருக்கும் நேரத்தில் வைத்தல் நலம். கருவியை இயக்கிப் பழக இளைஞர் இருவரை இப்போதே பெயர் குறித்துவிட்டால், பொங்கல் நிகழ்ச்சிக்குள் அவர்கள் கை தேர்ந்துவிடும்.